ஈரோட்டு மஞ்சள்: ஒன்பது மாதப் பயிர், ஒரு மணி நேர வேக்காடு!

பொங்கல் முடிந்த கையோடு ஈரோட்டிலிருந்து கொடுமுடி பக்கம் பயணம் போனால், வழியெங்கும் மஞ்சள் வாசம்தான். 13-ம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட காலிங்கராயன் வாய்க்கால் பாயும் வயல்களில் தையும் மாசியும் அறுவடைக் காலம்.

வைகாசி, ஆனியில் ஊன்றிய மஞ்சள் இது. இலை பழுத்து, காய்ந்து, சாய்ந்தால் கிழங்கு முற்றிவிட்டது என்று அர்த்தம். தாளை அறுத்துவிட்டு, சில நாள் கழித்துக் கிழங்கை வெட்டி எடுக்கிறார்கள். மண்ணை உதறி, தாய்க்கிழங்கைத் தனியாகவும் அதிலிருந்து கிளைத்த விரலியைத் தனியாகவும் பிரிக்கிறார்கள். குண்டாக இருக்கும் தாய்க்கிழங்கு வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும் என்பதே காரணம்.

வேக்காட்டில் இருக்கிறது விலை

தோண்டிய மஞ்சளை இரண்டு, மூன்று நாளுக்குள் வேகவைத்துவிட வேண்டும். முன்பு பெரிய கொப்பரையில் தண்ணீர் ஊற்றி, மேலே மஞ்சள் இலையைப் போட்டு மூடி அவித்தார்கள். இப்போது பல இடங்களில் நீராவி இயந்திரம் வயலுக்கே வந்துவிடுகிறது.

கொப்பரையில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் கொதித்ததும் நுரை பொங்கும், மணம் கிளம்பும். குச்சியால் குத்தினால் சுலபமாக இறங்க வேண்டும். வேக்காடு அதிகமானால் நிறம் கெடும். குறைந்தால் காய்ந்த மஞ்சள் பொடிப்பொடியாக உடையும். ஒன்பது மாத உழைப்புக்கு என்ன விலை என்பது இந்த ஒரு மணி நேரத்தில் முடிவாகிவிடும்!

அடுத்து, களத்தில் 10 முதல் 15 நாள் காய்ச்சல். 100 கிலோ பச்சை மஞ்சள் காய்ந்தால் சுமார் 20 கிலோதான் மிஞ்சும். பிறகு, சுழலும் டிரம்மில் போட்டு மெருகேற்றி மூட்டை பிடிக்கிறார்கள். சந்தையில் வியாபாரி முதலில் செய்வது, ஒரு விரலியை ஒடித்து உள்நிறம் பார்ப்பதுதான். ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

பொங்கல் கொத்தை என்ன செய்யலாம்?

பொங்கல் பானையில் கட்டிய மஞ்சள் கொத்து பல வீடுகளில் காய்ந்து குப்பைக்குப் போகிறது. அதன் கிழங்கில் முளை உள்ள துண்டைத் தொட்டியிலோ குரோபேக்கிலோ ஊன்றலாம். லேசான நிழல் இருந்தாலும் வளரும். தண்ணீர் தேங்கினால் மட்டும் அழுகிவிடும்.

விளைந்த கிழங்கைக் கழுவி, மூழ்கும் அளவு தண்ணீரில் வேகவையுங்கள். அளவு குறைவு என்பதால் சீக்கிரம் வெந்துவிடும். குச்சியால் குத்திப் பார்த்து இறக்குங்கள். பிறகு மொட்டை மாடி வெயிலில் காயவிட்டு, இரவில் பனி படாமல் மூடுங்கள். ஒடித்தால் 'டக்'கென்று சத்தம் வர வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அப்படியே டப்பாவில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

காய்ந்ததை உரலில் இடித்து, மிக்ஸியில் அரைத்துச் சலித்தால் பொடி தயார். மில்லில் கொடுப்பதானால், மிளகாய் அரைப்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் குழந்தைக்குக் கொடுக்கும் மஞ்சள் பாலில் காரம் ஏறிவிடும்.

ஒரு கிலோ கிழங்குக்குக் கிடைப்பது சுமார் 200 கிராம் தூள்தான். ஆனால், அதில் என்ன கலந்திருக்கிறது என்று கவலைப்பட வேண்டியதில்லை. வேகவைப்பதற்கு முன்பே நல்ல கிழங்காக நான்கைந்தை விதைக்கு எடுத்து நிழலில் வையுங்கள். வைகாசியில் மறுபடி ஊன்றலாம்.