ஸ்கேன் வரலீங்க

கோவையில் ஒரு நூற்பாலைக் குழுமத்தின் தலைமை அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் சர்வர்களையும் கணினிகளையும் பார்த்துக்கொண்டவன் இதை எழுதுகிறான். பிரிவுபசார விழாவில் சால்வை போர்த்திய இளம் மேலாளர் மைக்கைப் பிடித்துச் சொன்னார்: “இனிமே அப்டேட் எல்லாம் தானா வந்துடும். சார் நிம்மதியா ரெஸ்ட் எடுக்கலாம்.” எல்லோரும் கைதட்டினார்கள். அவர் நல்ல பிள்ளை, மனதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஆனால் இருபத்தாறு வருட வேலையை ஒரே வாக்கியத்தில் இல்லாமல் ஆக்கிவிட்டார்.

தானாக வருவது உண்மைதான். 2003 அக்டோபரிலிருந்து மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் பேட்ச் வெளியிடுகிறது. அமெரிக்க மேற்குக் கரையில் காலை பத்து மணி என்றால் நமக்கு இரவு 10.30, அங்கே குளிர்காலம் என்றால் 11.30. வருவதில் அட்மினுக்கு என்ன வேலை? மறுநாள் காலை ஒன்பதே காலுக்கு அக்கவுன்ட்ஸிலிருந்து போன் வரும். “ஏனுங்க சார், ஷேர் ஃபோல்டர் திறக்கலீங்களே.” வேலை அந்த போனில்தான் ஆரம்பிக்கிறது.

பேட்ச் விஷயத்தில் இரண்டு கட்சிகள் எப்போதும் உண்டு. வந்த அன்றே போடு என்பது ஒன்று. ஓடுகிற மெஷினில் கை வைக்காதே என்பது மற்றது. இரண்டாவது கட்சிக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 2021 செப்டம்பரில் ஒரு பாதுகாப்பு பேட்ச், நெட்வொர்க்கில் பகிர்ந்திருந்த பிரிண்டர்களை ஊர் ஊராக நிறுத்தியது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு பிழையான கோப்பு, மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் தள்ளியது. விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

முதல் கட்சி 2017 மே 12ஐ எடுத்து வைக்கும். அந்த நாளின் தாக்குதலைத் தடுத்திருக்கும் எம்எஸ்17-010 பேட்ச் மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையிடமிருந்து திருடப்பட்ட எடர்னல்புளூ என்ற தாக்குதல் கருவி ஏப்ரல் 14 அன்று வெளியே கொட்டப்பட்டது. அதை வைத்துச் செய்த வான்னாக்ரை புழு மே 12, வெள்ளிக்கிழமை கிளம்பியது. பேட்ச் கைக்கு வந்து 59 நாள் ஆகியிருந்தது. பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் பின்னால் எழுதிய அறிக்கையின்படி, இங்கிலாந்தின் 236 அரசு மருத்துவ அறக்கட்டளைகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன; 19,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் சந்திப்புகள் ரத்தாகியிருக்கலாம். இன்னொன்றையும் அந்த அறிக்கை சொல்கிறது. பாதிக்கப்பட்ட கணினிகளில் பெரும்பாலானவை கைவிடப்பட்ட எக்ஸ்பி அல்ல, பேட்ச் கிடைத்துக்கொண்டிருந்த விண்டோஸ் 7. மருந்து வீட்டில் இருந்தது, கொடுக்க ஆள் இல்லை.

மே 13 சனிக்கிழமை. டிவியில் பார்த்துவிட்டு முதலாளி வீட்டிலிருந்தே போன் வந்தது. சர்வர்களுக்கும் அலுவலகக் கணினிகளுக்கும் ஏப்ரல் முதல் வாரத்திலேயே பேட்ச் போட்டாகிவிட்டது. போடாதவை இரண்டே இரண்டு: ஆலையின் லேபில் நூல் பரிசோதனை மெஷினோடு சேர்ந்து வந்த எக்ஸ்பி கணினிகள். எதை மாற்றினாலும் சர்வீஸ் காண்ட்ராக்ட் செல்லாது என்று விற்றவர்கள் எழுதியே கொடுத்திருந்தார்கள். இதை எழுதுபவன் காரை எடுத்துக்கொண்டு போய் இரண்டின் லேன் கேபிளையும் பிடுங்கிவிட்டு வந்தான். ஐந்து நாள் லேப் ரிப்போர்ட்டுகள் பிரிண்ட் எடுத்துக் கையில் போயின. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8 அன்றே ஆதரவு முடிந்திருந்தும், அந்த வார இறுதியில் மைக்ரோசாஃப்ட் அதற்கும் ஒரு பேட்ச் வெளியிட்டது. அதைக் காட்டித்தான் விற்றவர்களைச் சம்மதிக்க வைக்க முடிந்தது.

வான்னாக்ரை நுழைந்த வழி, விண்டோஸ் கோப்புகளைப் பகிரப் பயன்படுத்தும் எஸ்எம்பி நெறிமுறையின் பழைய பதிப்பான எஸ்எம்பி-1. திங்கட்கிழமையே அதை ஒட்டுமொத்தமாக மூடுவது என்று முடிவெடுத்தான். மைக்ரோசாஃப்டில் எஸ்எம்பியைப் பார்த்துக்கொண்டிருந்த நெட் பைல் 2016 செப்டம்பரிலேயே எஸ்எம்பி-1ஐ நிறுத்துங்கள் என்று கெஞ்சாத குறையாக எழுதியிருந்தார். அது இல்லாமல் ஓடாத சாதனங்களுக்கு ஒரு பட்டியலே பிறகு போட்டார். எஸ்எம்பி பேசும் 445ஆம் போர்ட்டை வெளியே மூடினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. புழு ஒரு லேப்டாப்பில் ஏறி வாசல் வழியாகவே உள்ளே வருகிறதே.

மூடுவதற்கு முன் ஒரு மாதம் தணிக்கையை ஓடவிட வேண்டும். எஸ்எம்பி-1இல் யார் வந்து பேசினாலும் சர்வர் 3000 என்ற எண்ணில் ஒரு பதிவு எழுதும், வந்தவரின் முகவரியோடு. அந்த ஒரு மாதத்தில் நான்கு முகவரிகள் சிக்கின. லேபின் இரண்டு எக்ஸ்பிகளை விலேன் எனும் தனி நெட்வொர்க் பிரிவில் போட்டு, ரிப்போர்ட்டை வேறு வழியாக எடுத்தாயிற்று. டிசைன் பிரிவின் பழைய நாஸ் (நெட்வொர்க் சேமிப்பகம்) பெட்டிக்கு ஃபர்ம்வேர் கிடைத்தது. நான்காவது, அக்கவுன்ட்ஸ் வாசலில் நிற்கும் ஜெராக்ஸ் மெஷின். நம் ஊர்ப் பேச்சில் எந்தக் கம்பெனி மெஷினும் ஜெராக்ஸ்தான். இதை விற்றது யார் என்பது இங்கே முக்கியமில்லை.

ஒரு வவுச்சர் வந்தால் அக்கவுன்ட்ஸ்காரர் மெஷினில் வைத்து ஒரு பொத்தானை அழுத்துவார், அது ஷேர் ஃபோல்டரில் பிடிஎஃப் ஆக உட்காரும். ஒரு நாளைக்கு இருநூறு, முந்நூறு. எஸ்எம்பி-1ஐ மூடிய அன்று பத்து மணிக்கே போன். “சார், ஸ்கேன் வரலீங்க.” டீலரின் டெக்னீஷியன் வந்து இரண்டு நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னார்: “எஸ்எம்பி ஒன்னை ஆன் பண்ணுங்க சார், வந்துடும்.” வந்துவிடும்தான். ஆனால் சர்வரில் அதைத் திறந்தால் இந்த மெஷினுக்கு மட்டும் திறப்பதில்லை. சம்பளப் பட்டியலும் பருத்திக் கொள்முதல் ஒப்பந்தங்களும் இருக்கிற அதே சர்வர், கேட்கிற எல்லோருக்கும் திறக்கிறது.

மெஷின் என்னதான் பேசுகிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. ஸ்விட்சில் அதன் போர்ட்டை மிரர் செய்து, நெட்வொர்க் பேச்சைப் பதிவு செய்யும் வயர்ஷார்க்கை வைத்தான். எஸ்எம்பியில் இரண்டு கணினிகள் சந்தித்தால் முதலில் வருகிற கணினி, தனக்குத் தெரிந்த வழக்குகளை வரிசையாகச் சொல்லும். நெறிமுறையிலேயே அதற்கு டயலெக்ட் என்றுதான் பெயர், நாம் வட்டார வழக்கு என்கிறோமே அதே சொல். எதிரில் இருப்பது அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். புதிய கணினிகளின் வரிசையில் எஸ்எம்பி 2.002 இருக்கும். இந்த மெஷினின் வரிசை எஸ்எம்பி-1இன் என்டி எல்எம் 0.12இல் முடிந்துவிட்டது. எஸ்எம்பி-2 விஸ்டாவோடு வெளிவந்து பத்து வருடம் ஆகியும் அது மெஷினின் காதில் விழவில்லை.

இப்படி ஒட்டுக்கேட்டே ஒரு மொழியைக் கற்கலாம் என்று உலகத்துக்குக் காட்டியவர் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல். கான்பராவில் ஆய்வு மாணவராக இருந்தபோது, வயரில் போகிற பேச்சைக் கேட்டுக் கேட்டே கோப்புப் பகிர்வு சர்வர் ஒன்றை எழுதினார். இன்று சாம்பா என்று லட்சக்கணக்கான பெட்டிகளில் ஓடுவது அதன் வழிவந்ததுதான். ஒரு பிரெஞ்சுக் காபிக் கடையில் உட்கார்ந்து, மற்றவர்கள் என்ன கேட்டால் என்ன வருகிறது என்று பார்த்து மொழி கற்பதைப் போன்றது என்று அவர் விளக்கியிருக்கிறார். இதை எழுதுபவனுக்கு நேரில் ஆசிரியர் யாரும் அமையவில்லை. கான்பராக்காரரைத்தான் ஆசிரியராக வைத்துக்கொண்டான்.

மெஷினுக்குப் புது ஃபர்ம்வேர் கிடையாது என்றார் டீலர். புது மெஷினுக்குப் போன ஃபைல் கையெழுத்து இல்லாமல் திரும்பி வந்தது. மெஷினுக்கு எஃப்டிபி என்ற வேறொரு கோப்பு அனுப்பும் வழி தெரியும். எனவே மூலையில் கிடந்த ஒரு பழைய கணினியில் லினக்ஸ் போட்டு, மெஷினையும் அதையும் தனி விலேனில் கட்டினான். மெஷின் எஃப்டிபியில் அங்கே கொடுக்கும். லினக்ஸ் பெட்டி எஸ்எம்பி-3இல் சர்வரின் வரவு ஃபோல்டரில் போடும். அங்கிருந்து ஒரு ஷெட்யூல் வேலை, கோப்பின் பெயரைப் பார்த்து அந்தந்தப் பிரிவுக்கு நகர்த்தும்.

ஸ்கேன் வந்தது. ஆனால் ஆடிட்டர்களால் திறக்க முடியவில்லை. சில பிடிஎஃப் திறக்கும், சில திறக்காது. மூன்று வாரம் தூக்கம் போயிற்று. ஆடிட்டர்களின் குரூப்பை மூன்று முறை அழித்துக் கட்டினான். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திறக்கிற கோப்பையும் திறக்காத கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுமதிகளைப் படித்தபோது பிடிபட்டது. திறந்தவை யாரோ கையால் காப்பி செய்தவை. திறக்காதவை ஷெட்யூல் வேலை நகர்த்தியவை. ஒரே வால்யூமுக்குள் ஒரு கோப்பை மூவ் செய்தால் பழைய ஃபோல்டரின் அனுமதி அதோடு ஒட்டிக்கொண்டு வரும். காப்பி செய்தால்தான் புது ஃபோல்டரின் அனுமதியை வாங்கிக்கொள்ளும். மூவ் என்பதைக் காப்பி, பிறகு டெலீட் என்று மாற்றினான். ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு மூன்று வாரம் பிடித்தது என்று இன்றைக்கும் பெருமையாகவே சொல்வான்.

இதற்கு நடுவில் கண்ணில் பட்டதுதான் பெரிய விஷயம். எஃப்டிபி முகவரியைப் போட மெஷினின் அட்ரஸ் புக்கைத் திறந்தபோது, பழைய ஷேர் ஃபோல்டருக்கு எந்தக் கணக்கில் நுழைந்துகொண்டிருந்தது என்று தெரிந்தது. டொமைன் அட்மினிஸ்ட்ரேட்டர். மெஷினை நிறுவிய அன்று ஏதோ ஒரு கணக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள், யாரோ அதைக் கொடுத்திருக்கிறார்கள். எல்லோரும் டீ குடிக்கிற வராந்தாவில் நிற்கிற மெஷினுக்குள் அத்தனை கணினிகளின் சாவியும் வருடக்கணக்கில் இருந்திருக்கிறது. அந்த பாஸ்வேர்டை மாற்றியது ஜூன் மூன்றாவது வாரம்.

அந்த மாதம் 27ஆம் தேதி நாட்பெட்யா என்ற அடுத்த புழு வந்தது. உக்ரைனில் வரிக் கணக்குக்குப் பயன்படுத்தும் எம்.இ.டாக் என்ற மென்பொருளின் அப்டேட் வழியாகவே அது நுழைந்தது. உள்ளே வந்ததும் எடர்னல்புளூவையும் பயன்படுத்தியது. ஆனால் அதன் பலம் அதில் இல்லை. ஒரு கணினியின் நினைவகத்தில் ஒரு அட்மின் பாஸ்வேர்டு கிடைத்தால் போதும், பேட்ச் போட்ட கணினிகளிலும் நேர்வழியில் நுழைந்தது. டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பல் நிறுவனம் பத்து நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் மறுபடி நிறுவியது என்று அதன் தலைவரே டாவோஸில் சொன்னார். மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்களுடைய முனையமும் நின்றது. கணக்குகளையும் பாஸ்வேர்டுகளையும் வைத்திருக்கும் மேர்ஸ்க்கின் டொமைன் கன்ட்ரோலர்களில் பிழைத்தது ஒன்றே ஒன்று, கானாவில். அன்றைக்கு அங்கே கரன்ட் போயிருந்தது.

இரண்டு கட்சிக்காரர்களும் இந்தக் கதையைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அன்றே போடு என்பவர், நாட்பெட்யா அப்டேட்டில்தான் வந்தது என்பதைச் சொல்வதில்லை. போடாதே என்பவர், அது பரவியது திறந்து கிடந்த அனுமதிகளால் என்பதைச் சொல்வதில்லை. முதலில் ஐந்து கணினிகளுக்குப் போடு, அதில் அக்கவுன்ட்ஸ் ஒன்றும் லேப் ஒன்றும் கட்டாயம் இருக்கட்டும். இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போடு. போட்டதில் எது உடைகிறதோ, அதன் அடியில் யார் எதை யாருக்குப் பகிர்ந்திருக்கிறார்கள் என்று தோண்டு. பேட்ச் உடைத்த இடமெல்லாம் பெரும்பாலும் முன்பே பழுதான இடம்தான். இருபத்தாறு வருடத்தில் பார்த்த உண்மை இது.

இன்று தோண்டுவதற்கு யாருக்கும் பொறுமை இல்லை. 2024இல் விண்டோஸ் 11இன் 24எச்2 வந்ததும் எஸ்எம்பி கையொப்பம் கட்டாயமானது, புரோ பதிப்பில் பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் நுழைவு நின்றது. பழைய நாஸ் பெட்டிகள் திறக்கவில்லை. நல்ல மாற்றம், வருடக்கணக்கில் தாமதமான மாற்றம். நம் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? இரண்டு நிமிட வீடியோ ஒன்றைப் பார்த்து, இரண்டையும் பழையபடி திறந்துவிடும் கட்டளைகளை ஒட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போனார்கள். ஷேர் திறக்காவிட்டால் எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல். அதுவும் வராவிட்டால் ஃபயர்வாலை ஆஃப். சம்பளப் பட்டியல் வாட்ஸ்அப்பில் போகிறது. ஏன் திறக்கவில்லை என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை, திறந்தால் போதும். இதைத் திறமை என்று பாராட்டுகிற மேலாளர்களும் இருக்கிறார்கள். அந்தப் பாராட்டைக் கேட்கும்போது வயிறு எரிகிறது.

போன மாதம் அந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பையனிடமிருந்து போன் வந்தது. “சார், ஸ்டோர்ஸ்ல ஸ்கேன் வரல. எஸ்எம்பி ஒன்னு ஆன் பண்ணிடட்டுமா?”

“பண்ணாதே தம்பி. சர்வர்ல 1001 பதிவைப் பாரு. மூடின கதவைத் தட்டினது யாருன்னு அதுல இருக்கும்.”

இரண்டு நாள் கழித்து அவனே அழைத்தான். தட்டியது ஸ்டோர்ஸுக்கு செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு ஜெராக்ஸ் மெஷின். அதன் அட்ரஸ் புக்கில் இருந்த கணக்கு டொமைன் அட்மினிஸ்ட்ரேட்டர். நிறுவ வந்தவர் கேட்டார் என்று அவனே கொடுத்திருந்தான். சொல்லும்போது அவன் குரல் இறங்கியிருந்தது. திறக்கலாமா என்று கேட்கவாவது போன் செய்தான், அதற்கு அவனைப் பாராட்டத்தான் வேண்டும். பாஸ்வேர்டை அன்று மாலையே மாற்றினான். அந்த மெஷினுக்கு, ஒரு ஃபோல்டரில் எழுத மட்டும் உரிமையுள்ள ஒரு கணக்கு உருவாக்கினான். பழைய லினக்ஸ் பெட்டி வழியாகவே ஸ்கேன் போகும்படி செய்தான்.

உங்கள் அலுவலகத்திலும் வராந்தாவில் அப்படி ஒரு மெஷின் நிற்கும். இந்த வாரமே அதன் அட்ரஸ் புக்கைத் திறந்து, எந்தக் கணக்கின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.