வீட்டுப் பூனையைக் கீழே விடலாமா?



எங்கள் ஒழுங்கையில் இரண்டு குடும்பங்கள் வெளிநாடு போகத் தயாராகிறார்கள். இரண்டு வீட்டிலும் பூனை இருக்கிறது. "கீழே விட்டா பழகிக்கொள்ளும் தானே டீச்சர்?" என்று கேட்டார்கள். வாயால் சொல்வதைவிட எழுதிவிடுவோம் என்று நினைத்தோம். ஏனென்றால் அந்தப் பிழையை நாங்களே செய்திருக்கிறோம்.

2022ஆம் ஆண்டு. டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போன காலம். கேஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசை. எங்கள் மினா நாலாம் மாடியிலேயே வளர்ந்த, நாலு வயதுப் பூனை. அதற்குச் சாப்பாடு வாங்க முடியவில்லை. "மிருகம் தானே, தேடித் தின்னும்" என்றார் உம்மா. ஒரு நாள் அஸருக்குப் பிறகு கொண்டுபோய்க் கீழே விட்டோம்.

அது தேடவில்லை. பெற்றோல் இல்லாமல் நின்ற ஒரு வேனுக்கு அடியில் மூன்று நாள் பதுங்கிக் கிடந்தது. மீன் கழிவு போடும் இடத்தை வேறொரு கடுவன் காவல் காத்தது. நாலாம் நாள் காது கிழிந்து, கழுத்தில் சீழ் வைத்திருந்தது. மகள் கூப்பிட்டும் வரவில்லை. "உம்மா, மினா ஏன் எங்களத் தெரியாத மாதிரிப் பாக்குது?" என்றாள். மருந்துச் செலவு மூன்று மாதச் சாப்பாட்டுச் செலவைத் தாண்டியது.

ஒரு பெண் பூனையை அடைத்து வைத்து, சாப்பாடும் கொடுக்காமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் கொன்றதற்காகத் தண்டிக்கப்பட்ட ஹதீஸ் எல்லோருக்கும் தெரியும். "நாங்கள் அடைக்கவில்லையே, திறந்து தானே விட்டோம்" என்று அன்று மனதைத் தேற்றிக்கொண்டோம். தேடத் தெரியாத ஒன்றைத் திறந்து விட்டால், பசி பசிதான்.

எலியைத் துரத்துவது பூனைக்குப் பிறவிக் குணம். ஆனால் பிடித்துக் கொன்று தின்பதைத் தாயிடம்தான் குட்டி நன்றாகக் கற்கிறது. தாயைச் சிறு வயதிலேயே பிரிந்த பூனைக்கு அது வாய்ப்பது கஷ்டம்.

அப்படியென்றால் எந்தப் பூனையும் வெளியே பழகாதா? பழகும். ஆனால் சில விஷயங்கள் வேண்டும். கருத்தடை, தடுப்பூசி, முக்கியமாக விசர்நாய்க்கடி ஊசி. புது வீடென்றால் முதல் இரண்டு மூன்று வாரம் உள்ளேயே வைத்து, பிறகு சாப்பாட்டுக்கு முன் பசியோடு பத்து நிமிடம், கூடவே நின்று. திரும்பி வர ஒரு கதவு எப்போதும் வேண்டும். முற்றமுள்ள, வாகனம் குறைந்த இடமாக இருக்க வேண்டும்.

கொள்ளுப்பிட்டியில் அது எங்கே? ஒரு பக்கம் காலி வீதி, மறுபக்கம் மெரைன் டிரைவ், அதைத் தாண்டினால் ரயில் பாதை. எலிக்கு வைக்கும் நஞ்சு, அந்த எலியைத் தின்னும் பூனையையும் கொல்லும். வயதான பூனைக்கும் நோயுள்ள பூனைக்கும் இங்கே வழியே இல்லை.

அதனால் டிக்கெட் போடும்போதே பூனைக்கும் வீடு தேடுங்கள். கடைசி வாரத்தில் தேடினால் கிடைக்காது. கொடுக்கும்போது அதன் மணல் தட்டையும் படுக்கும் துணியையும் சேர்த்துக் கொடுங்கள். பழகிய வாசனை இருந்தால் பயம் குறையும்.

அந்த இரண்டில் ஒன்றை நாங்கள் எடுக்கிறோம், இன்ஷா அல்லாஹ். மினா என்ன சொல்லுமோ தெரியாது. மற்றது மூன்று வயதுப் பெட்டை, கருத்தடை செய்தாச்சு, ஊசியும் போட்டாச்சு. அதற்கு ஒரு வீடு வேண்டும். முடிந்தவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.