மிஷின் ஸ்டார்ட் ஆகலைன்னா முதல்ல பிளக்கைக் கேளுங்க

மரம் அறுக்கிற மிஷின் பத்தி எழுதச் சொல்லி தோட்டம் வாங்கிப் போட்டிருக்கிற நண்பர்கள் ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க. வாங்கின புதுசுல நல்லா ஓடுது, ஆறு மாசம் கழிச்சு எடுத்தா ஸ்டார்ட் ஆகலைங்கிறாங்க.

எங்க பட்டுக்கோட்டைப் பக்கம் இந்த மிஷினுக்கு மவுசு வந்தது கஜா புயலுக்கு அப்புறம்தான். 2018 நவம்பர் 16 விடிஞ்சப்போ ரோடு முழுக்கத் தென்னை. அறுத்து நகர்த்தினாத்தான் ஆம்புலன்ஸே ஊருக்குள்ள வரலாம். தோப்பில் விழுந்த மரத்தையும் அப்படியே விட முடியாது. மக்கிப் போனா அதுல காண்டாமிருக வண்டு முட்டையிட்டு, நிக்கிற மரத்தோட குருத்தையும் தின்னுடும். அப்போ கடன் வாங்கி மிஷின் எடுத்த இளவட்டங்கள் பலபேருக்கு இன்னிக்கும் அதுதான் சோறு போடுது.

பக்கத்து வீட்டுத் தம்பி அப்படி ஒருத்தன். போன ஐப்பசியில ஒருநாள் சாயங்காலம் மிஷினைத் தூக்கிட்டு வந்தான். தோள்பட்டை வீங்கியிருந்துச்சு.

"பெரியப்பா, காலைல இருந்து கயிறு இழுக்கிறேன், டுப்புன்னு ஒரு சத்தம்கூட இல்ல. கடையில காட்டினேன். கார்ப்ரேட்டர் போச்சு, 2,500 ஆகும்ங்கிறாங்க. நாளைக்குக் காலைல 14 பட்ட மரம் அறுக்கணும். லாரிக்கும் சொல்லியாச்சு."

சம்சாரத்தோட தோட்டை அடகு வைக்கலாமான்னு யோசிச்சுட்டுத்தான் வந்திருக்கான். "உக்காருப்பா, பிளக்கைக் கழற்றிப் பாத்துட்டு அப்புறம் அடகுக் கடைக்குப் போகலாம்"னேன்.

இந்த மிஷினுக்கு வேண்டியது மூணே மூணுதான்: எண்ணெய், பொறி, காத்து. எது இல்லைன்னு பிளக்கே சொல்லிடும். நனைஞ்சு பெட்ரோல் வாடை அடிச்சா எண்ணெய் வந்து சேருது, பொறி இல்ல, அல்லது எண்ணெய் கூடிப் போச்சு. காய்ஞ்சு கிடந்தா எண்ணெயே வரலை.

அவனோட பிளக் பொட்டுன்னு காய்ஞ்சிருந்துச்சு. சோக்கை இழுத்து வச்சு அத்தனை தடவை இழுத்தவன் பிளக் நனைஞ்சுல்ல இருக்கணும்? அப்போ டேங்குக்கும் கார்ப்ரேட்டருக்கும் நடுவுல ஏதோ அடைப்பு. டேங்குக்குள்ள குழாய் முனையில சின்னதா ஒரு பில்டர் தொங்கும். கம்பியைக் கொக்கி மாதிரி வளைச்சு வெளிய எடுத்தோம். கருப்பா, பிசுபிசுன்னு இருந்துச்சு. துடைச்சுட்டு ஊதினான், காத்துப் போகலை. டேங்கைக் காலி பண்ணி, பில்டரை நல்ல பெட்ரோல்ல அலசி ஊதி மாட்டினோம். புதுசா கலந்த எண்ணெயை ஊத்தி இழுத்தான். நாலாவது இழுப்புல ஒரு இருமல், சோக்கைத் தள்ளினதும் அடுத்த இழுப்புல பிடிச்சுக்கிச்சு. அவன் முகத்தைப் பாக்கணுமே! தோடு தப்பிச்சுது. புது பில்டர் மறுநாள் 80 ரூபாய்க்கு வாங்கி மாட்டிட்டான்.

பிளக் நனைஞ்சிருந்தா வேற வைத்தியம். பிளக்கைக் கழற்றி, சுவிட்சை ஆஃப் பண்ணி, மிஷினைக் கவுத்துப் பிடிச்சுக் கயிற்றைப் பத்துத் தடவை இழுங்க. தேங்கினது வெளிய வந்துடும். பிளக்கைத் துடைச்சு மாட்டி, சோக் இல்லாம இழுங்க. அப்பவும் பிடிக்கலைன்னா பொறியைப் பாருங்க. சிந்தின பெட்ரோலைத் துடைச்சு ஆவி போனப்புறம், பிளக்கை அதோட மூடியில செருகி, மரை பக்கம் இன்ஜின் இரும்புல படுற மாதிரி வச்சு, சுவிட்சை ஆன் பண்ணி இழுக்கணும். நீலமா பொறி தெறிக்கணும். இல்லைன்னா புது பிளக் போட்டுப் பாருங்க. காத்துக்கு ஏர் பில்டர். தென்னந்தூள் மாவு மாதிரி அடைச்சுக்கும், தினமும் தட்டணும்.

எண்ணெய்க் கலவையிலதான் நிறையப் பேர் கோட்டை விடுறாங்க. பழைய டிவிஎஸ் ஃபிப்டிக்கு ஊத்தின மாதிரி இதுக்கும் பெட்ரோல்ல டூ-டி ஆயில் கலந்தாகணும். 50-க்கு 1ன்னு போட்டிருந்தா லிட்டருக்கு 20 மில்லி. 25-க்கு 1ன்னா 40 மில்லி. உங்க மிஷின் புத்தகத்துல என்ன போட்டிருக்கோ அதுதான் கணக்கு. வெறும் பெட்ரோல் ஊத்தினா பிஸ்டன் கீறிப் போகும். இப்போ பங்குல வர்ற பெட்ரோல்ல எத்தனால் வேற கலந்திருக்கு. அது ஈரத்தை இழுக்கும். மாசக்கணக்குல டேங்குல விட்டா கெட்டுப் போய், உள்ள இருக்கிற ரப்பர் சாமானையும் கெடுக்கும். வேலை முடிஞ்சு எடுத்து வைக்கிறப்போ டேங்கைக் காலி பண்ணி, மிச்சம் தீர்ந்து தானா நிக்கிற வரைக்கும் ஓடவிட்டு வைங்க.

எண்ணெய், பொறி, காத்து மூணும் சரியா இருந்தும் பிடிக்கலையா? கயிறு எதிர்ப்பே இல்லாம லேசா வருதான்னு பாருங்க. அப்படின்னா பிஸ்டன் தேஞ்சிருக்கும், அது மெக்கானிக் வேலைதான். அங்க போனாலும் "பிளக் காய்ஞ்சிருக்கு, பில்டர் மாத்தியாச்சு"ன்னு சொல்லிக் கொடுங்க. பாத்துட்டு வந்தவன்னு தெரிஞ்சா கணக்கும் ஒழுங்கா வரும்.

மழைக்கு முன்னாடி, புரட்டாசியிலேயே ஒரு தடவை ஓட்டிப் பாத்து வச்சுக்குங்க. மரம் சொல்லிட்டா விழுது?