குளிர்ந்த டயரும் முதல் திருப்பமும்

தியானப் பகுதி: யோவான் 18:15–18, 25–27, 21:9–17





கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, நம் சபையின் வாலிபர் ஒருவர் என்னிடம் வந்தார். "ஐயா, என் மோட்டார் சைக்கிளுக்கு டயர் மாற்ற வேண்டும். ஸ்போர்ட் டயர் போடுவதா, டூரிங் டயர் போடுவதா என்று குழப்பமாக இருக்கிறது. ஒன்றுக்குப் பிசாசு என்று பெயர். மற்றொன்றுக்குத் தேவதூதன் என்று பெயர். போதகர் எதைப் போடச் சொல்வீர்கள்?" என்று கேட்டார். அருகில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

அவர் கேட்டது வெறும் வேடிக்கையல்ல. இத்தாலி நாட்டின் பிரெல்லி நிறுவனம் தன் ஸ்போர்ட் டயர்களுக்கு 'டயாப்லோ' என்றும், நெடும்பயணத்திற்கான டூரிங் டயர்களுக்கு 'ஏஞ்சல்' என்றும் பெயர் சூட்டியிருக்கிறது. ஒரு பிரசங்கியாருக்கு இதைவிட எளிதான பொருள் கிடைக்குமா? பிசாசைத் தள்ளுங்கள், தேவதூதனைத் தெரிந்துகொள்ளுங்கள் என்று சொல்லி நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அந்த நிறுவனமே அந்த எளிய பிரசங்கத்துக்கு இடம் வைக்கவில்லை. 'ஏஞ்சல் எஸ்.டி.' என்ற அதன் டயரில், புதிதாக இருக்கும்போது வரிப்பள்ளங்கள் ஒரு தேவதூதனின் உருவத்தைக் காட்டும். ஏறத்தாழ 1000 கி.மீ. ஓடித் தேய்ந்த பின்பு அதே இடத்தில் பிசாசின் உருவம் தோன்றும்படி அதை வடிவமைத்திருந்தார்கள். பெயரில் ஒன்றுமில்லை, தேயும்போதுதான் உள்ளே இருப்பது தெரியும் என்று டயர் செய்கிறவர்கள் விளையாட்டாகச் சொல்லிவிட்டார்கள்.

நான் அந்த வாலிபருக்கு உடனே பதில் சொல்லவில்லை. காரணம், இந்தக் கேள்விக்கு நான் ஒரு முறை தவறான விடையைத் தெரிந்துகொண்டவன். அதன் தழும்பு இன்னும் என் வலது முழங்காலில் இருக்கிறது. இதுவரை உங்களிடம் முழுவதும் சொல்லாத அந்தக் காரியத்தை இன்று சொல்ல விரும்புகிறேன்.

என் தம்பி வெளிநாடு சென்றபோது தன் 400 சிசி வண்டியை என்னிடம் விட்டுச் சென்றார் என்பது உங்களுக்குத் தெரியும். அதன் டயர்கள் தேய்ந்தபோது, இங்கே சிம்மக்கல்லில் உள்ள ஒரு டயர் கடைக்குப் போனேன். கடைக்காரர் அனுபவமுள்ளவர். "ஐயா, நீங்கள் தினமும் எங்கே ஓட்டுகிறீர்கள்?" என்பதே அவர் கேட்ட முதல் கேள்வி. நான் அதற்கு நேர்மையாகப் பதில் சொல்லவில்லை. அடுத்த மாதம் வாலிபர் ஐக்கியத்தாருடன் சிறுமலைக்குப் போகவிருந்தோம். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பாதை அது. அங்கே வாலிபர்களுக்குப் பின்தங்கிவிடக் கூடாது, போதகரும் இளமையானவர்தான் என்று அவர்கள் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் எனக்குள் இருந்தது. ஆகவே, "ஸ்போர்ட் டயரே போடுங்கள்" என்றேன். அது மேட்டிமை, பிரியமானவர்களே. அதற்கு வேறு பெயர் சூட்ட நான் விரும்பவில்லை.

சிறுமலைக்கு ஒரே ஒரு முறை போனோம். மற்ற நாட்களெல்லாம் அந்த வண்டி எங்கே ஓடியது? வடக்கு வெளி வீதி நெரிசலிலும், யானைக்கல்லிலும், மேலூர் சாலையிலும், திருமங்கலம் செல்லும் நான்குவழிச் சாலையிலும் ஓடியது. எல்லாம் சமவெளி, எல்லாம் நேர்ச்சாலை. எல்லாவற்றையும்விட அதிகமாக, என் வீட்டிலிருந்து ஆற்றுக்கு அக்கரையிலுள்ள மருத்துவமனைக்கு ஓடியது. இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் தூரம்.

ஒரு வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதிகாலை ஐந்து மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. நம் சபையின் வயது முதிர்ந்த தாயார் ஒருவர் மருத்துவமனையில் இருந்தார்கள். "அம்மா நினைவோடு இருக்கிறார்கள், திருவிருந்து கேட்கிறார்கள், ஐயா வர முடியுமா?" என்று மகன் கேட்டார். நோயாளிகளுக்குத் திருவிருந்து கொண்டுசெல்லும் சிறு பெட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். அப்போதுதான் தூறல் தொடங்கியிருந்தது. ஏ.வி. பாலத்தைக் கடந்து, முதல் திருப்பத்தில் வண்டியைச் சாய்த்தேன். பின்சக்கரம் என்னை விட்டுவிட்டுத் தன் வழியே போயிற்று. நான் சாலையில் கிடந்தேன். பெட்டி திறந்து, திராட்சரசம் மழைநீரோடு கலந்து ஓடிற்று.

தேநீர்க் கடையில் நின்றவர்கள் ஓடிவந்து தூக்கினார்கள். முழங்காலுக்குக் கட்டுப் போட்டு, மறுபடியும் ஆயத்தம் செய்துகொண்டு நான் அந்தப் படுக்கையருகே போய்ச் சேர்ந்தபோது, தாயார் நினைவிழந்திருந்தார்கள். அன்று மாலையே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அவருடைய மகன் இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தையும் கடிந்து பேசியதில்லை. என் கட்டைப் பார்த்து, "ஐயா, வலிக்கிறதா?" என்றுதான் கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு முழங்காலைவிட அதிகமாக வலித்தது.

சில நாட்களுக்குப் பின் அதே கடைக்காரரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் குனிந்து பின்டயரைத் தடவிப் பார்த்துவிட்டு என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். டயரின் நடுப்பகுதி தட்டையாகத் தேய்ந்திருந்தது. பள்ளங்களுக்குள் தேய்மானத்தைக் காட்டுவதற்காக வைக்கப்பட்டிருக்கும் சிறு மேடுகளை ரப்பர் கிட்டத்தட்ட எட்டிவிட்டது. ஆனால் இரண்டு ஓரங்களிலும், அச்சிலிருந்து வந்த ரப்பர் முடிகள்கூட உதிராமல் நின்றன. எந்த ஓரங்களுக்காக நான் அந்த டயரை வாங்கினேனோ, அவை பெரும்பாலும் சாலையையே தொடவில்லை. தினமும் எனக்குத் தேவையாயிருந்த நடுப்பகுதியோ தீர்ந்துபோயிருந்தது.

பின்பு அவர் எனக்கு ஒரு பாடம் நடத்தினார். ஒரு மோட்டார் சைக்கிளை எந்த நேரமும் சாலையோடு பிடித்து வைத்திருப்பது, ஒவ்வொரு டயரிலும் ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அளவு ரப்பர்தான். ஸ்போர்ட் டயரின் ரப்பர் மென்மையானது. அது நன்றாகச் சூடேறினால், வேகமாகச் சாய்ந்து திரும்பும்போது சாலையை அருமையாகப் பற்றும். ஆகையால்தான் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ளது போன்ற பந்தயத் தடங்களில், போட்டிக்கு முன்பே டயர்களை மின்சாரப் போர்வைகளால் சுற்றிச் சூடேற்றுவது உண்டு. ஆனால் அந்த மென்மையான ரப்பர் நேர்ச்சாலையில் சீக்கிரம் தேயும். அதில் தண்ணீரை வெளியேற்றும் பள்ளங்களும் குறைவு.

டூரிங் டயரின் நோக்கம் வேறு. அதில் பள்ளங்கள் அதிகம். பல டூரிங் டயர்களில், நீண்ட நேர்ச்சாலையில் உழைக்கும் நடுப்பகுதி கடினமான ரப்பராலும், திருப்பத்தில் சாய வேண்டிய ஓரங்கள் மென்மையான ரப்பராலும் செய்யப்பட்டிருக்கும். ரப்பரோடு சிலிக்காவை மிகுதியாகச் சேர்த்திருப்பதால், வெளியிலிருந்து சூடு வருவதற்குக் காத்திராமல், குளிர்ந்த நிலையிலும் ஈரத்திலும் அது சாலையைப் பற்றும்.

"உங்களுடையது இரண்டு கிலோமீட்டர் பயணம், ஐயா. டயர் சூடாவதற்குள் நீங்கள் இறங்கிவிடுகிறீர்கள். முதல் தூறலில் சாலையிலுள்ள எண்ணெயும் தூசியும் மேலே மிதக்கும். தேய்ந்த டயர் வேறு. அந்த நேரத்தில் குளிர்ந்த ரப்பர் என்ன செய்யும்?" என்றார். என் டயரின் பக்கத்தில் 'ஹெச்' என்ற எழுத்து இருந்தது. மணிக்கு 210 கி.மீ. வேகம் வரை தாங்கும் என்பது அதன் பொருள். நான் விழுந்தபோது என் வேகம் 30 கி.மீ.கூட இல்லை.

பிரியமானவர்களே, அன்று இரவு வேதத்தைத் திறந்தபோது யோவான் 18-ஆம் அதிகாரம் எனக்குப் புதிதாகத் தெரிந்தது. பேதுருவைப் பாருங்கள். மேல்வீட்டுப் பந்தியில் அவன் இருதயம் கொழுந்துவிட்டு எரிந்தது. சிறைக்கும் சாவுக்கும் ஆயத்தமாயிருப்பதாகச் சொன்னான். தோட்டத்தில் பட்டயத்தை உருவினான். அவன் பொய் சொல்லவில்லை. அந்தச் சூட்டில் அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் மெய்யானதுதான். ஆனால் அடுத்த காட்சி பிரதான ஆசாரியனின் முற்றம். அப்பொழுது குளிராயிருந்தது என்பதை யோவான் கவனமாக எழுதி வைத்திருக்கிறார். பந்தியின் சூடு தணிந்துவிட்டது, நண்பர்கள் சிதறிவிட்டார்கள். அந்தக் குளிரில் அவனுக்கு வந்த முதல் திருப்பம் ஒரு போர்ச்சேவகனின் ஈட்டியல்ல, வாசல் காக்கிற ஒரு வேலைக்காரப் பெண்ணின் சாதாரணக் கேள்வி. அங்கேதான் சறுக்கினான்.

அவன் எங்கே நின்றான் என்பதையும் கவனியுங்கள். மற்றவர்கள் மூட்டிய கரிநெருப்பண்டையில் நின்று குளிர்காய்ந்துகொண்டிருந்தான்.

நம்மில் அநேகருடைய விசுவாசம் இப்படிப்பட்டது அல்லவா? கன்வென்ஷன் கூட்டங்களில், உபவாச ஜெபங்களில், பாடற்குழுவின் பாட்டில் நாம் சூடேறுகிறோம். கண்ணீரோடு தீர்மானங்கள் எடுக்கிறோம். அவை பொய்யல்ல, அந்தக் கூட்டங்களும் வேண்டாதவையல்ல. ஆவியில் அனலாயிருக்கும்படி அப்போஸ்தலனாகிய பவுலே ரோமருக்கு எழுதியிருக்கிறார். ஆனால் திங்கட்கிழமை காலையில் அந்தப் போர்வையை எடுத்துவிடுகிறார்கள். கணக்கைச் சற்று மாற்றி எழுதும்படி மேலாளர் மெதுவாகச் சொல்லுகிறார். சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்று வீட்டில் ஒரு வார்த்தை எழும்புகிறது. சொத்துப் பங்கீட்டைப் பற்றி அண்ணன் தொலைபேசியில் பேசுகிறார். இவையெல்லாம் இரண்டு கிலோமீட்டர் பயணங்கள். சூடேற நேரமில்லை. முதல் திருப்பத்திலேயே பிடிமானம் வேண்டியிருக்கிறது. உங்கள் விசுவாசம் குளிரில் பிடிக்குமா?

நான் உங்களை மாத்திரம் கேட்கவில்லை. ஞாயிறு பிரசங்க பீடத்தில் சூடாக நிற்கிற நான், அதே மாலையில் என் மனைவியிடம் எத்தனை முறை சறுக்கியிருக்கிறேன் என்பதை ஆண்டவர் அறிவார். என் மனைவியும் அறிவார்கள்.

ஆனால் பேதுருவின் கதை அந்த முற்றத்தில் முடியவில்லை. யோவான் 21-ஆம் அதிகாரத்தில் திபேரியாக் கடற்கரையில் மறுபடியும் ஒரு கரிநெருப்பு எரிகிறது. இம்முறை அதன் பக்கத்தில் நிற்பவர் உயிர்த்தெழுந்த ஆண்டவர். அவர் பேதுருவின் பழைய அனலைத் திரும்பக் கேட்கவில்லை. பெரிய சபதம் ஒன்றையும் வாங்கவில்லை. முதலில் அப்பமும் மீனும் கொடுத்தார். பின்பு, தன்னை நேசிக்கிறாயா என்று மூன்று முறை கேட்டார். ஒவ்வொரு முறையும் ஆடுகளைப் பேணும் அன்றாட வேலையை அவன் கையில் கொடுத்தார். அதற்குப் பின்பு பெந்தெகொஸ்தே நாளில் இறங்கிய அக்கினி, பக்கத்தில் நின்று குளிர்காயும் அக்கினி அல்ல. அவனுக்குள்ளே வாசம்பண்ணின ஆவியானவர். அப்போஸ்தலர் 4-ஆம் அதிகாரத்தில் அதே அன்னாவும் காய்பாவும் உட்கார்ந்திருந்த சங்கத்தின் முன் பேதுரு நிற்கிறான். இம்முறை அவன் சறுக்கவில்லை. பிடிமானம் வெளிச்சூட்டில் இல்லை, ரப்பருக்குள்ளேயே கலந்திருந்தது.

கடைக்காரர் சொன்ன இன்னொரு காரியத்தையும் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். டயரில் காற்றை எப்போது அளக்க வேண்டும் தெரியுமா? வண்டி ஓடி வந்தவுடன் அளந்தால் சூட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும். ஆகவே காலையில், வண்டியை எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும். அதுவே உண்மையான அளவு. நம்முடைய ஆவிக்குரிய வாழ்வையும் கூட்டம் முடிந்து எழும்பும்போது அளவிடாதிருப்போம். விடியற்காலையில், ஒருவரும் பாடாத நேரத்தில், வேதத்தோடும் ஆண்டவரோடும் தனித்திருந்து அளந்து பார்ப்போம். குறைவு தெரிந்தால் வெட்கப்பட வேண்டாம். குறைவைக் காண்பதற்காகத்தானே அளக்கிறோம்?

அந்த வாலிபருக்கு நான் என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். புதன்கிழமை அவரே வீட்டுக்கு வந்தார். "தம்பி, தினமும் எங்கே ஓட்டுகிறீர்கள்?" என்று கேட்டேன். கப்பலூர் தொழிற்பேட்டைக்குப் போய்வருவதாகவும், மாதம் ஒரு முறை நண்பர்களோடு கொடைக்கானல் போவதாகவும் சொன்னார். வரும் தை மாதத்தில் அவருக்குத் திருமணம். "அப்படியானால் டூரிங் டயரைப் போடுங்கள். கொடைக்கானல் திருப்பங்களிலும் அது நன்றாகவே சாயும். புது டயர் வழுக்கும், முதல் நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டுங்கள். நடுப்பகுதியை மாதந்தோறும் கையால் தடவிப் பாருங்கள்" என்றேன். பின்பு என் முழங்காலைக் காட்டி, அந்தத் தாயாரைப் பற்றியும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இருவரும் சேர்ந்து ஜெபித்தோம்.

ஜெபம்: எங்கள் அன்பின் ஆண்டவரே, அனலான வேளைகளில் நாங்கள் உமக்குச் சொன்ன வார்த்தைகளை நீர் அறிவீர். குளிரில் நாங்கள் சறுக்கின இடங்களையும் அறிவீர். எங்கள் தாமதத்தினால் வருந்தினவர்களை நீரே ஆற்றித் தேற்றும். கடற்கரையில் பேதுருவைச் சந்தித்தது போல எங்களையும் சந்தியும். உமது ஆவியானவர் எங்களுக்குள் தங்கியிருந்து, நாளைய முதல் திருப்பத்தில் எங்களைத் தாங்குவாராக. இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.