கீச்சுக் குரல்

லாரியில் எலி புகுந்துவிட்டதா என்று கேட்காதீர்கள், ஸார்! பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் 'கீச், கீச்' என்று கத்துவது எலியல்ல. ஸ்டெபிலைஸர் பாரைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்.

நாமக்கல்லில் எங்கள் சின்ன லாரிக்கு இந்த வியாதி வந்தது. டிரைவர் அண்ணன் உடனே எண்ணெய் டப்பாவைத் தூக்கினார். மெக்கானிக் பாய் தடுத்துவிட்டார்.

"வேண்டாம் அண்ணே! எண்ணெயில் ரப்பர் ஊறி உப்பிப் போகும். இன்றைக்குச் சத்தம் நிற்கும். நாளைக்குப் புஷ்ஷே நிற்காது."

ஒரு செம்புத் தண்ணீரைப் புஷ்ஷின்மேல் ஊற்றி, வண்டியை ஒரு மேட்டில் ஏற்றி இறக்கச் சொன்னார். கப்சிப்! ஈரம் காய்ந்ததும் மறுபடி கச்சேரி. அகப்பட்டான் திருடன்!

காது வலிதானே, போகட்டும் என்று விட முடியுமா? கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். மரவள்ளிக் கிழங்கு மூட்டைகளோடு அவற்றில் திரும்பும்போது, வண்டி ஒரு பக்கமாகச் சாயாமல் இழுத்துப் பிடிப்பது இந்தக் கம்பிதான். புஷ் தேய்ந்து ஆட்டம் கண்டால், வண்டி கொஞ்சம் சாய்ந்த பிறகுதான் கம்பிக்கு விழிப்பு வரும். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று மலையில் வைத்துப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

பாய் கிளாம்பைக் கழற்றினார். கம்பியிலிருந்த துருவைத் தேய்த்தெடுத்து, புதுப் புஷ்ஷில் சிலிகான் கிரீஸ் தடவிப் பொருத்தினார். ஜாக்கியை இறக்கி, சக்கரங்கள் தரையில் ஊன்றிய பிறகே போல்ட்டை முடுக்கினார். தொங்கலில் முடுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடக்குமாம்.

டிரைவர் அண்ணன் தூக்கி வந்த எண்ணெய், பின்கதவுக் கீலுக்குப் போயிற்று.