ஸ்டியரிங் இறுகிய ராத்திரி

டாக்டர் எதுக்குக் கார் ரிப்பேர் பத்தி எழுதறார்னு கேட்காதீங்க. கொஞ்சம் நீளமான இழை. கார் வச்சிருக்கறவங்க கடைசி வரைக்கும் படிச்சிடுங்க.

2024 ஜூன். ராத்திரி பத்தேகால் இருக்கும். கிளினிக்கை மூடிட்டு, ஊரப்பாக்கத்தில் அக்கா வீட்டில் இருந்த அம்மாவை ஏத்திக்கிட்டு வண்டலூருக்குத் திரும்பிக்கிட்டு இருந்தேன். லேசான தூறல். ஏசி, வைப்பர், ஹெட்லைட் எல்லாம் ஓடுது. எங்க தெரு ரோட்டுக்கு அந்தப் பக்கம். அதனால கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் தாண்டினதும் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு யூ-டர்ன் போட்டாகணும்.

பாதி திரும்பினதும் ஸ்டியரிங் கல்லு மாதிரி இறுகிடுச்சு. வண்டி ரோட்டுக்குக் குறுக்கே நிக்குது. தாம்பரம் பக்கமிருந்து ஒரு பஸ் ஹாரன் அடிச்சுக்கிட்டே வருது. வர்றது இடது பக்கம். அம்மா உட்கார்ந்திருந்த பக்கம்.

அந்த டிரைவர் பிரேக் போட்டார். கண்டக்டர் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து என்னவோ சொன்னார், அதை இங்க எழுத முடியாது. நியாயமான வார்த்தைகள்தான். ரெண்டு கையாலும் தொங்கி இழுத்து, முன்னும் பின்னும் நகர்த்தி, ஓரமா நிறுத்தினேன். அம்மா ஒரு வார்த்தை பேசல. சீட் பெல்ட்டைக் கழட்டாம அப்படியே உட்கார்ந்திருந்தாங்க.

இப்ப ஒரு உண்மையைச் சொல்லிடறேன். மூணு வாரமா டேஷ்போர்டில் மஞ்சள் கலர்ல ஒரு விளக்கு எரிஞ்சு எரிஞ்சு அணைஞ்சுக்கிட்டு இருந்தது. ஸ்டியரிங் படம், பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி. வண்டியை அணைச்சுப் போட்டா போயிடும். அதனால விட்டுட்டேன். "நெஞ்சு எரிச்சல் வந்துச்சு டாக்டர், ஆனா தானா போயிடுச்சு"ன்னு சொல்ற பேஷன்ட்டை எத்தனை தடவை திட்டியிருக்கேன்!

சரி, மேட்டருக்கு வரேன். இன்னைக்கு ஓடற சின்ன கார்கள்ல பெரும்பாலும் இருக்கறது எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங். சுருக்கமா இ.பி.எஸ். (உடனே அரசியலுக்குப் போயிடாதீங்க, இது வேற.) 1988-ல ஜப்பானில் சுசூகி செர்வோங்கற குட்டிக் காரில் முதல்ல வந்தது. நீங்க ஸ்டியரிங்கைத் திருப்பும்போது எவ்வளவு பலம் போடறீங்கன்னு ஒரு சென்சார் அளக்கும். ஒரு சின்ன கம்ப்யூட்டர் கணக்குப் போடும். ஒரு மோட்டார் உங்களோட சேர்ந்து தள்ளும். அவ்வளவுதான்.

இதில் ரெண்டு விஷயத்தை மனசில் வச்சுக்கங்க.

ஒண்ணு, மோட்டார் செத்தாலும் ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கற இரும்புத் தொடர்பு அறுந்து போகாது. வண்டி திரும்பும், ஆனா கனமா இருக்கும். வேகமா போகும்போது கனம் அவ்வளவா தெரியாது. நின்ன இடத்திலும் யூ-டர்னிலும் கையே ஒடிஞ்சிடும்.

ரெண்டாவது, அந்த மோட்டார் கரண்ட் குடிக்கற ராட்சசன். ரெண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து இழுக்கறது சுமார் 10 ஆம்பியர். வண்டியை நிறுத்தி வச்சு ஸ்டியரிங்கை முழுசா வளைச்சா, சின்ன காரிலேயே இந்த மோட்டார் 40, 50 ஆம்பியர் வரை இழுக்கும். வோல்டேஜ் ரொம்ப இறங்கினா கம்ப்யூட்டர் தன்னைக் காப்பாத்திக்க உதவியை நிறுத்திட்டு விளக்கைப் போட்டுடும்.

மறுநாள் ஒர்க்‌ஷாப். (எதுன்னு சொல்ல மாட்டேன். கேட்காதீங்க.) ஸ்கேனர் மாட்டினாங்க. "சப்ளை வோல்டேஜ் குறைவு"ன்னு கோடு வந்தது. பேட்டரியை டெஸ்ட் பண்ணாங்க, நல்லா இருக்கு. "அப்ப யூனிட்தான் சார் போயிருக்கு. காலம் அசெம்ப்ளி மொத்தமா மாத்தணும். 42,000 ஆகும்."

நானும் தலையாட்டினேன். பேட்டரி நல்லா இருக்கு, செல்ஃப் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆகுது. அப்ப கோளாறு யூனிட்லதானே? லாஜிக் சரியாத்தான் பட்டது. பார்ட் வர நாலு நாள் ஆகும்னாங்க. அந்த நாலு நாள்தான் என் பணத்தைக் காப்பாத்துச்சு.

எங்க எதிர் வீட்டு அண்ணன் போக்குவரத்துக் கழக டிப்போவில் எலக்ட்ரீஷியனா இருந்து ரிட்டயர் ஆனவர். சாயங்காலம் வாசலில் சேர் போட்டு உட்கார்ந்திருப்பார். விஷயத்தைச் சொன்னேன். எழுந்து கூட வரல.

"டாக்டர் தம்பி, ஸ்டியரிங் இறுகும்போது வேற என்ன ஆச்சு?"

"வேற ஒண்ணும் இல்லண்ணே."

உள்ளேயிருந்து என் மனைவி குரல் கொடுத்தாங்க. "ஏங்க, திருப்பும்போதெல்லாம் லைட் மங்குதுன்னு ரெண்டு தடவை சொன்னேனே? ஹாரன் கூட ஒரு மாதிரி கேட்குதுன்னு சொன்னேன்."

சொன்னாங்கதான். நான்தான் காதில் வாங்கல. தினமும் அறுபது பேர்கிட்ட "வேற என்ன தொந்தரவு?"ன்னு கேட்கறவன், வீட்டில் சொன்னதைக் கேட்கல.

அண்ணன் அடுத்த கேள்வி கேட்டார். "புயல் அப்ப வண்டி எங்க நின்னுச்சு?"

2023 டிசம்பர் மிக்ஜாம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நாலாம் தேதி எங்க தெருவில் முழங்கால் அளவு தண்ணி. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் பட்டதோட பார்த்தா எங்களுது ஒண்ணுமே இல்ல. காருக்குள்ள தண்ணி போகல, எஞ்சினும் தப்பிச்சுது. நல்லவேளைன்னு நினைச்சு மறந்துட்டேன். ஆறு மாசம் முன்னாடி நடந்ததை யார் சொல்லுவா?

"பேட்டரிக்குப் பிளஸ் மட்டும் இல்ல தம்பி, மைனசும் இருக்கு. எர்த்தைப் பாரு."

விஷயம் இதுதான். பேட்டரி மைனசிலிருந்து ரெண்டு கேபிள் கிளம்பும். ஒண்ணு எஞ்சினுக்கு, இன்னொண்ணு வண்டியோட பாடிக்கு. ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சின் பக்க கேபிளை நம்பி ஓடுது. லைட், ஹாரன், ஸ்டியரிங் மோட்டார் எல்லாம் பாடி பக்க கேபிளை நம்பி ஓடுது. அதனால பாடி எர்த் கெட்டுப் போனாலும் வண்டி ஜம்முனு ஸ்டார்ட் ஆகும். பேட்டரியை அளந்தா நல்லா இருக்கும். கரண்ட் போற வழி சரியா இருக்கு, திரும்பி வர்ற வழிதான் அடைச்சிருக்கு. இருதய டாக்டரைக் கேட்டா இதைவிட அழகா விளக்குவார்.

ஞாயித்துக்கிழமை காலையில் லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு இறங்கினேன். எப்பவோ ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின மல்டிமீட்டர் ஒண்ணு இருந்தது. முதல்ல டயரில் காத்து பார்த்தேன், சரியா இருந்தது. (சிரிக்காதீங்க. முன் டயரில் காத்து இறங்கினாலும் ஸ்டியரிங் கனக்கும். முதல்ல பார்க்க வேண்டியது அதுதான்.) எஞ்சின் ஓடாதப்ப பேட்டரி 12.5. ஓடும்போது 14.1. ரெண்டும் நார்மல்.

அப்புறம் எர்த். மீட்டரோட ஒரு முள்ளைப் பேட்டரி மைனசில் வச்சேன். இன்னொண்ணைக் கேபிள் போய் பாடியில் முடியற போல்ட் தலையில் வச்சேன். மனைவியை உட்காரவச்சு ஸ்டியரிங்கை வளைக்கச் சொன்னேன். 0.1 வோல்ட். நல்லாத்தான் இருக்கு! 42,000 கன்ஃபார்ம்னு முகம் தொங்கிப் போச்சு.

அண்ணன் கேட்டைத் திறந்துக்கிட்டு வந்தார். "கேபிள்ல ஒரு முனை, அதே கேபிள்ல இன்னொரு முனை. என்னத்தை அளக்கற? போல்ட்டை விடு, பக்கத்தில் பெயின்ட் இல்லாத தகரத்தில் குத்து."

சட்டைக்கு மேல ஸ்டெதாஸ்கோப் வச்ச ஹவுஸ் சர்ஜனைத் திட்டற மாதிரி இருந்தது அவர் குரல்.

முள்ளை அரை இஞ்சு தள்ளித் தகரத்தில் வச்சேன். ஹெட்லைட், ஏசி போட்டு, ஸ்டியரிங்கைக் கடைசி வரைக்கும் வளைக்கச் சொன்னேன். 0.4... 1.9... 3.6. உள்ளேயிருந்து "விளக்கு வந்துடுச்சுங்க!"ன்னு சத்தம்.

0.2 வோல்ட்டுக்குள்ள இருக்க வேண்டிய இடத்தில் 3.6 வோல்ட் காணாம போகுது. பேட்டரியில் 13 இருந்தா மோட்டாருக்குக் கிடைக்கிறது ஒன்பதரைதான். ஸ்கேனர் பொய் சொல்லல. சப்ளை வோல்டேஜ் குறைவுன்னு சரியாத்தான் சொல்லியிருக்கு. படிச்சவங்க தப்பாப் படிச்சோம்.

பேட்டரி மைனசை முதல்ல கழட்டிட்டு (எப்பவும் மைனஸ்தான் முதல்ல, மாட்டும்போது கடைசியில்), பத்தாம் நம்பர் ஸ்பேனரில் அந்த போல்ட்டைத் திறந்தேன். கேபிள் வளையத்துக்கு அடியில் பச்சையா களிம்பு. அதுக்குக் கீழ தகரத்தில் துரு. வெளியிலிருந்து பார்த்தா ஒண்ணுமே தெரியாது. உப்புத்தாள் போட்டு ரெண்டு பக்கமும் பளபளன்னு வர்ற வரைக்கும் தேய்ச்சேன். இறுக்கி முடுக்கி, மேல வேசலின் தடவினேன். மொத்தச் செலவு உப்புத்தாள் 15 ரூபாய். வேசலின் வீட்டில் இருந்தது.

திரும்ப அளந்தேன். 0.09. ஸ்டியரிங் பூ மாதிரி சுத்துது.

போன வருஷம் ஒரு அம்மா வந்தாங்க, அறுபத்தஞ்சு வயசு. ரெண்டு காலையும் தூக்க முடியல. பக்கவாதம்னு பயந்து எடுத்த எம்.ஆர்.ஐ. கையில் இருந்தது. அதில் ஒண்ணும் இல்ல. முதுகுத்தண்டை ஸ்கேன் பண்ணச் சொல்லியிருந்தாங்க. பேச்சுவாக்கில் மருமகள் சொன்னாங்க, "நாலு நாளா வயித்தால போச்சு, அது இப்ப சரியாயிடுச்சு." ரத்தத்தில் பொட்டாசியம் 3.5-க்கு மேல இருக்கணும். அவங்களுக்கு 2.1. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஏத்தினோம், மூணாவது நாள் நடந்து போனாங்க. அன்னைக்கு என்னை நானே மெச்சிக்கிட்டேன். என் கார் விஷயத்தில் அந்த மருமகள் இடத்தில் இருந்தது என் மனைவி. நான் கேட்கவே இல்ல.

இதைப் படிச்சிட்டு எல்லாரும் ஸ்பேனரோட இறங்கிடாதீங்க. எர்த், ஃபியூஸ், பேட்டரி டெர்மினல், டயர் காத்து, பழைய ஹைட்ராலிக் வண்டின்னா ஆயில் அளவும் பெல்ட்டும். வீட்டில் பார்க்கறது இதோட முடிஞ்சது. ஸ்டியரிங் காலத்தைத் திறக்கவே கூடாது, அங்க ஏர்பேக் இருக்கு.

இன்னொரு விஷயம். கனமாகறது வேற, லூசாகறது வேற. ஸ்டியரிங்கில் பிளே அதிகமா இருந்தா, மேடு பள்ளத்தில் டொக் டொக்னு சத்தம் வந்தா, வண்டி ஒரு பக்கமா இழுத்தா, அது இரும்பு சம்பந்தப்பட்டது. டை ராடு, பால் ஜாயின்ட்னு போகும். அது உடைஞ்சா சக்கரம் உங்க பேச்சைக் கேட்காது. அதை ஓட்டிக்கிட்டுப் போகாம, மெக்கானிக்கை வீட்டுக்கு வரச்சொல்லுங்க. 2023 ஜூலையில் மாருதி நிறுவனமே டை ராடில் குறை இருக்கலாம்னு 87,599 எஸ்-பிரெஸ்ஸோ, ஈக்கோ வண்டிகளைத் திரும்ப அழைச்சது. உங்க வண்டிக்கு அப்படி அழைப்பு ஏதாவது இருக்கான்னு கம்பெனி வெப்சைட்டில் சேசிஸ் நம்பர் போட்டுப் பாருங்க. இலவசமா மாத்தித் தருவாங்க.

ஓடும்போது இறுகிட்டா? ரெண்டு கையாலும் உறுதியாப் பிடிங்க. ஹசார்ட் லைட் போட்டு, வேகத்தைக் குறைச்சு, ஓரம் கட்டுங்க. பதற்றத்தில் சாவியைத் திருகி எடுத்துடாதீங்க. எடுத்தா ஸ்டியரிங் லாக் விழுந்துடும். கனமா இருந்தது அப்புறம் அசையவே அசையாது.

ஒர்க்‌ஷாப்புக்குப் போன் பண்ணி ஆர்டரை நிறுத்தினேன். "சரியாயிடுச்சா சார்? எப்படி?"ன்னு கேட்டாங்க. சொன்னேன். அந்தப் பையன் பேனா எடுத்து எழுதிக்கிட்டான், அது எனக்குப் பிடிச்சிருந்தது.

அண்ணனுக்கு என்ன கொடுக்கறதுன்னு தெரியல, காசு வாங்க மாட்டார். வாங்கண்ணே, பி.பி. ஆவது பார்க்கறேன்னு உட்காரவச்சேன். 178/104. மறுபடி பார்த்தேன், அதேதான். மாத்திரை எழுதினேன்.

"எனக்குத்தான் தலைவலி, கிறுகிறுப்பு எதுவுமே இல்லையே தம்பி?"ங்கறார். ரெண்டு வாரமா மருந்துச் சீட்டு அவர் சட்டைப் பாக்கெட்லயே இருக்கு. இன்னைக்கு சாயங்காலம் மல்டிமீட்டரைத் தூக்கிக்கிட்டுப் போய் அவர் எதிர்ல உட்காரப் போறேன்.