பிரீமியத்துக்கு எதுக்கு வரி?

ஹெல்த் இன்சூரன்ஸ் புதுப்பிக்கப் போறீங்களா? ரசீதில் ஜிஎஸ்டி என்று போட்டிருக்கும் இடத்தைப் பாருங்க. தனிநபர் பாலிசியோ குடும்ப பாலிசியோ, அங்கே பூஜ்ஜியம்தான் இருக்கணும். 2025 செப்டம்பர் 22-லிருந்து அதுதான் நடைமுறை. அதுக்கு முந்தின நாள் வரை 18 சதவீதம்.

வரியைக் குறைக்கணும்னு சொன்னாலே "பணக்காரனுக்குப் பேசுறீங்க டாக்டர்"னு சண்டைக்கு வர்றாங்க. சரி, எங்க சாக்கோட்டையில் ஒரு மளிகைக் கடைக்காரரை எடுத்துக்குவோம். குடும்ப பாலிசிக்குப் பிரீமியம் 30,000 ரூபாய். 18 சதவீதம் இருந்தப்போ வரி மட்டும் 5,400. வயசு ஏற ஏற பிரீமியம் ஏறும், வரியும் கூடவே ஏறும். நோய் வரும் வயதில்தான் அதிக வரி! "இந்த வருஷம் விட்டுருவோம், அடுத்த வருஷம் கட்டிக்கலாம்" என்று மனுஷன் விடுவது அந்த இடத்தில்தான். விட்ட வருஷம் பித்தப்பையில் கல் வந்தால், நகை காரைக்குடி அடகுக்கடைக்குப் போகும்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கேன்னு கேட்பீங்க. நல்ல திட்டம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்கணும். மாசம் 10,000. நம்ம கடைக்காரர் அதைத் தாண்டியவர்.

இதில் ஒரு வேடிக்கை. 18 சதவீதம் வாங்கிய அதே அரசு, இன்சூரன்ஸ் எடுத்தால் 80டி-யில் வருமான வரிச் சலுகையும் கொடுத்தது. அதுவும் பழைய வரிமுறையில் இருப்பவருக்கு மட்டும். வருமான வரி வரம்புக்குள்ளேயே வராத கடைக்காரருக்குச் சலுகை கிடையாது, 18 மட்டும் உண்டு. வாங்க ஒரு துறை, கொஞ்சம் திருப்பித் தர இன்னொரு துறை, நடுவில் படிவம், ஆடிட்டர் ஃபீஸ். சின்ன அரசாங்கம்னு நான் சொல்றது இந்தச் சுற்றுவழியை வெட்டுவதை. ஆரம்ப சுகாதார நிலையத்தை மூடுவதை இல்லை.

சின்னதா ஆரம்பிக்கும் வரி சின்னதா நிற்காது. 1994-ல் சேவை வரி வந்தப்போ வெறும் 5 சதவீதம், மூணே சேவைகள். அதில் ஒண்ணு பொதுக் காப்பீடு. வருமான வரியில் இதைவிட மோசம்: 1973-74-ல் உச்ச விகிதம் 97.75 சதவீதம். அந்த அடுக்கில் 100 ரூபாய் சம்பாதித்தால் கையில் 2.25. யார் கணக்குக் காட்டுவார்? வரி ஏய்ப்புக்கு உயர்ந்த விகிதமே முக்கியக் காரணம் என்று வாஞ்சூ கமிட்டி 1971-லேயே சொல்லி, 75-க்குக் குறைக்கச் சொன்னது. 1985-ல் அது 50-க்கு வந்தது.

வரி போனால் அரசுக்கு நஷ்டம்தானே? நஷ்டம்தான். ஆனா பாலிசியைக் கைவிட்டவர் கடைசியில் வருவது அரசு ஆஸ்பத்திரிக்கு. அந்தச் செலவும் அரசு கணக்கில்தான் ஏறும்.

ஒண்ணு கவனிங்க. வரிவிலக்கு வந்ததும் கம்பெனிகள் தங்கள் செலவுகளுக்குக் கட்டிய ஜிஎஸ்டியைக் கழிக்க முடியாது. அதை அடிப்படை பிரீமியத்தில் ஏத்தலாம். போன வருஷ ரசீதைப் பக்கத்தில் வச்சுப் பாருங்க, ஏறியிருந்தால் ஏஜென்ட்டிடம் காரணம் கேளுங்க. ஆபீஸ் மூலம் எடுக்கும் குரூப் பாலிசிக்கு விலக்கு இல்லை, 18 அப்படியே இருக்கு. அதையும் எடுக்கச் சொல்லி இனிமேல்தான் கேட்கணும்.